25 கிலோமீட்டர் வாக்கு என்ன ஆயிற்று?

தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது சூளகிரி. அந்தப் பக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், இந்தப் பக்கமும் ஏறத்தாழ அவ்வளவே. மின்வாகனங்களுக்கான மின்னேற்று நிலையங்கள் பற்றி ஒன்றிய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் முதன்முதலாக வெளியிட்ட நெறிமுறையும் இதே அளவைத்தான் சொன்னது: நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், அதுவும் சாலையின் இரு பக்கமும். எழுதியவர் வரைபடத்தில் சூளகிரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும்.

அதே நெறிமுறை காலக்கெடுவும் வைத்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரங்களையும் அவற்றோடு இணையும் முக்கிய நெடுஞ்சாலைகளையும் முதல் மூன்று ஆண்டுகளில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சென்னையும் பெங்களூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த இரண்டு நகரங்களையும் இணைக்கும் சாலை சூளகிரி வழியாகப் போகிறது. மூன்று ஆண்டு 2021 இறுதியிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் 2022 ஜனவரியில் திருத்திய நெறிமுறை, 2024 செப்டம்பரில் இன்னொன்று என்று காகிதம் மட்டும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது. ஏட்டுச் சுரைக்காயை இத்தனை முறை பதிப்பித்தவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருக்க மாட்டார்கள்.

சூளகிரிச் சுற்றில் சார்ஜரே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நெடுஞ்சாலை உணவகங்களின் வாசலிலும் பெட்ரோல் பங்குகளின் மூலையிலும் தூண்கள் நிற்கின்றன. செயலியின் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகவும் தெரிகின்றன. புதிதாக மின்கார் வாங்கியவர் அந்தப் பச்சையை நம்பித்தான் முதல் நீண்ட பயணத்துக்குக் கிளம்புகிறார். வந்து இறங்கினால் பெரும்பாலும் நடப்பது இதுதான். தூணின் சார்ஜிங் கன்னை எடுத்து வண்டியில் சொருகுகிறார். திரை இருட்டாக இருக்கிறது, அல்லது இணைப்பு இல்லை என்று சிவப்பில் எழுதுகிறது. உதவி எண்ணை அழைத்தால் முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊரில் இந்த மூன்றில் ஒன்றுகூட மறுமுனையில் இல்லை. "ரீஸ்டார்ட் செய்து பார்க்கிறோம், பதினைந்து நிமிடம் பொறுங்கள்" என்கிறார்கள். பதினைந்து நிமிடம் கழித்து உணவகக் காவலாளி மெல்ல வந்து உண்மையைச் சொல்கிறார்: "சார், அது நாலு நாளா ஆஃப்ல இருக்கு. கம்பெனிக்காரங்க வரணும்."

காவலாளிக்குத் தெரிந்த செய்தி செயலிக்குத் தெரியவில்லை, நிறுவனத்துக்குத் தெரியவில்லை, மானியம் கொடுத்த அரசுக்கும் தெரியவில்லை என்பதை நம்பச் சொல்கிறார்களா?

பெட்ரோல் வண்டிக்காரருக்கு ஒரு பங்க் மூடியிருந்தால் மூன்று நிமிடத்தில் அடுத்தது. மின்காரருக்கு அப்படியில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரை நோக்கி வரும் வண்டி மேலுமலை ஏறி, கடல்மட்டக் கணக்கில் முன்னூறு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு காருக்கு அந்த ஏற்றம் மட்டுமே ஒரு யூனிட்டுக்கு மேல், பலருக்கு ஒன்றரை யூனிட் வரை குடிக்கும். சமதளத்தில் அதே மின்சாரத்தில் பத்து கிலோமீட்டர் போயிருக்கலாம். புது ஓட்டுநருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. டேஷ்போர்டில் பர்சென்ட் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, ஏ.சி.யை அணைத்துவிட்டு, குழந்தைகளை வியர்க்க விட்டு, லாரிகளுக்குப் பின்னால் நாற்பதில் ஊர்ந்து சூளகிரி வந்து சேர்கிறார். வந்து சேரும் இடத்தில் செத்த தூண். அல்லது ஓடுகிற தூண் எதிர்ப்பக்கம். நடுவே தடுப்புச் சுவர். திரும்பிப் போய்த் திரும்பி வரவும் அதே பர்சென்ட்தான் செலவாகும். "இரு பக்கமும்" என்ற சொல்லை அமைச்சகம் அழகுக்காகச் சேர்க்கவில்லை.

இது நடப்பது எந்த மாவட்டத்தில் என்பதுதான் இன்னும் கசப்பானது. 1980இல் ஓசூரில் மொபெட் செய்யத் தொடங்கிய டிவிஎஸ், இன்று மின்ஸ்கூட்டர் செய்கிறது. ஏத்தர் பெங்களூரிலிருந்து உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்து 2021 தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் 2,400 கோடி ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்ட ஓலா, இதே மாவட்டத்தில் 500 ஏக்கரில் ஆலை கட்டியது. 2023 ஜனவரியில் சிம்பிள் எனர்ஜி ஆலை திறந்தது வேறு எங்குமல்ல, சூளகிரியில்தான். நாட்டில் விற்கும் மின்வாகனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு தமிழ்நாட்டில் செய்தவை என்று அரசே மேடைதோறும் மார்தட்டுகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். இங்கே கொல்லன் தெருவிலேயே ஊசி கிடைக்கவில்லை. அவையெல்லாம் இருசக்கர வண்டிகள், கார் வேறு என்று யாராவது நியாயம் பேச வரலாம். சக்கரம் இரண்டானாலும் நான்கானாலும் கம்பியில் வர வேண்டியது ஒரே மின்சாரம்.

தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கை ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக அறிவித்தது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. ஓசூர் இல்லை. 2019இலேயே மாநகராட்சியான, மின்வண்டிகள் பிறக்கிற, இந்தியாவின் மென்பொருள் தலைநகரை முதுகில் சுமந்துகொண்டிருக்கிற ஓசூருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு ஓசூர் ஆலைகளின் பின்கோடு மட்டும்தான் போலும். முதலீட்டாளர் மாநாட்டில் கிருஷ்ணகிரி முன்வரிசையில் உட்கார்கிறது. வசதி பங்கிடும்போது வெளியே நிற்கிறது.

எல்லை தாண்டி ஒரு பார்வை பார்ப்போம். 2017இல் நாட்டிலேயே முதலாவதாக மின்வாகனக் கொள்கை கொண்டுவந்தது கர்நாடகம். 2024 இறுதிக் கணக்குப்படி நாட்டிலிருந்த சுமார் 25,000 பொது மின்னேற்று நிலையங்களில் 5,765 கர்நாடகத்தில். தமிழ்நாட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கர்நாடக நிலையங்களில் மிகப் பெரும்பகுதி பெங்களூர் நகரத்துக்குள்ளேயே குவிந்திருக்கிறது என்பதும் உண்மை. கோலார்க்காரரையும் சாம்ராஜ்நகர்க்காரரையும் கேட்டால் அவர்களும் நம்மைப் போலத்தான் புலம்புவார்கள். ஆனால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வரும்போது மனக்கணக்குப் போடத் தொடங்க வேண்டியிருக்கிறதே, அந்த அவமானம் நமக்குத்தான்.

சரி, நெடுஞ்சாலையை விடுங்கள். பெரும்பாலான மின்கார்கள் சார்ஜ் ஏறுவது வீட்டில்தான். அங்கே என்ன நிலைமை?

வண்டியோடு வரும் சாதாரண சார்ஜரை 15 ஆம்ப்ஸ் பிளக்கில் போட்டால் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய இரவு முழுக்க வேண்டும், ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். இது கோளாறு இல்லை, கணக்கு. கோளாறு அடுத்துத்தான் தொடங்குகிறது. சூளகிரிச் சுற்றுக் கிராமங்களில் பழைய வீடுகளின் எர்த் எப்போதோ காய்ந்து போயிருக்கும். ஃபேனும் டிவியும் அதைக் கண்டுகொள்வதில்லை, கார் கண்டுகொள்ளும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்றிக்கொள்ளவே மறுத்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கினால் இரவு பாதியில் நின்றுவிடும். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும், 34 பர்சென்ட்டிலேயே வண்டி தூங்கிப்போனது.

டிரான்ஸ்பார்மருக்குப் போதிய திறன் இல்லை, லோடு கூட்ட முடியாது என்பது மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். எந்தப் பிரிவு அலுவலகம் என்று சொல்லி ஒரு உதவிப் பொறியாளரை மாட்டிவிட நாம் விரும்பவில்லை. அவர் தனியாகச் செய்யும் தவறல்ல இது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாரியத்தின் மேல்தட்டு தெரிந்துதான் ஆக வேண்டும். மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தப்படி, வீட்டுக்காரர் தம் மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பே கேட்டு வாங்கலாம். புதிய இணைப்பு கொடுக்கும் கெடுவும் அந்தத் திருத்தத்தில் சுருங்கியது: பெருநகரத்தில் மூன்று நாள், நகராட்சியில் ஏழு நாள், கிராமத்தில் பதினைந்து நாள். சூளகிரியில் பதினைந்து நாளில் இணைப்பு வாங்கியவர் இருந்தால் முன்வரட்டும், அடுத்த இதழில் அவரைப் பாராட்டி எழுதுகிறோம்.

தனி இணைப்பு ஏன் முக்கியம் என்பது தமிழ்நாட்டு மின்கட்டணம் கட்டும் யாருக்கும் புரியும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர் ஓட்டுகிறார். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்தால் காருக்கு மட்டும் 370 யூனிட். வீட்டுக்கு 250 என்றால் மொத்தம் 620. இரண்டு மாதக் கணக்கில் 500ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் கையைவிட்டுப் போகிறது, மேல்படியில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். வீட்டு மீட்டரிலேயே காரையும் கட்டிப்போடும் வரை, புகையில்லாத வண்டி வாங்கியதற்கு ஒவ்வொரு பில்லிலும் அபராதம்.

பொது சார்ஜர் இதைவிட விலை. யூனிட் இருபது ரூபாயை ஒட்டி நிற்கிறது, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கார் வாங்கும்போது 5 விழுக்காடு என்று தட்டிக்கொடுத்த அதே வரி, அதை ஓட்டும்போது 18 ஆகிறது. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை; தூணில் வந்தால் அது "சேவை". பூட்டிக் கிடக்கும் தூணுக்குச் சேவை என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வை மெச்ச வேண்டியதுதான்.

பணம் கட்டுவதோ தனிப் பாடு. சூளகிரி சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் அம்மா ஒரு கியூஆர் அட்டையை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்திருக்கிறார். பத்து ரூபாய்க்கும் ஸ்கேன் பண்ணலாம். கோடிக்கணக்கில் முதலீடு போட்ட சார்ஜரில் அது முடியாது. முதலில் அவர்களின் செயலியை இறக்க வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும், வாலட்டில் முன்கூட்டியே சில நூறு ரூபாய் போட வேண்டும். மேலுமலைப் பக்கம் செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஓ.டி.பி.க்கு எங்கே போவது? ஒரு மின்காரரின் செல்போனில் ஆறேழு செயலிகள், ஒவ்வொன்றிலும் திரும்ப எடுக்க முடியாத நூறு, இருநூறு. பெல் நிறுவனத்தைக் கொண்டு நாடு முழுவதற்கும் ஒரே செயலி உருவாக்கும் யோசனையை 2025 மே மாதத்தில் ஒன்றியக் கனரகத் தொழில் அமைச்சகம் சொன்னது. எட்டாவது செயலியாக அது வந்து சேரும் முன், அரைத் தாளில் ஒரு கியூஆர் அச்சிட்டுத் தூணில் ஒட்டச் சொல்ல எந்த அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்?

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஒன்றிய அரசின் ஃபேம் மின்வாகன ஊக்கத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 7,432 நிலையங்களுக்காக மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 2023 மார்ச்சில் 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கு மட்டும். கார்களுக்கு 22,100 விரைவு சார்ஜர் என்று இலக்கு. இந்த இலக்குகள் எல்லாவற்றிலும் ஒரே நோய் இருக்கிறது. எத்தனை தூண் நட்டோம் என்பதுதான் கணக்கு. நட்ட தூண் ஓடுகிறதா என்பதற்குக் கட்டம் போட்ட படிவமே இல்லை. ரிப்பன் வெட்டும் நாளில் கன்னைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து அதே கன்னைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

வேறு நாடுகள் இந்த நோய்க்கு மருந்து கண்டுவிட்டன. அமெரிக்காவில் ஒன்றிய அரசின் நிதியில் அமைக்கும் சார்ஜர்கள் 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. பிரிட்டனில் அதே ஆண்டு வந்த சட்டம் இன்னும் கண்டிப்பு: விரைவு சார்ஜர் வலைப்பின்னல்கள் 99 விழுக்காடு நேரம் ஓட வேண்டும், செயலி இல்லாமல் அட்டையைத் தட்டிக் காசு கட்ட வழி வேண்டும், நாள் முழுக்க உதவி எண் வேண்டும், மீறினால் 10,000 பவுண்டு வரை அபராதம். வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. பெட்ரோல் பங்கில் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இல்லையென்றால் புகார் புத்தகம் கேட்கும் உரிமை நமக்கு எப்போதோ வந்துவிட்டது. அதே பங்கின் மூலையில் நிற்கும் தூணுக்கு ஒரு புகார் புத்தகம்கூட இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்டோம். மின்கார்கள் குறைவு, நாள் முழுக்க ஒன்றிரண்டு வண்டிதான் வருகிறது, மின்வாரியத்துக்குக் கட்டும் நிலைக்கட்டணமே கையைக் கடிக்கிறது என்கிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் அது உண்மைதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து சேலம், மதுரை, திருநெல்வேலிக்குக் கிளம்பும் கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லையா? அந்த இரவுகளில் இரண்டு கன் உள்ள ஒரு தூணுக்கு ஐந்தாறு வண்டி வரிசை. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் சொருகினால் அறுபது கிலோவாட் ஆளுக்கு முப்பதாகப் பிரிந்துவிடும். ஒரு மணி நேரம் என்று நினைத்து வந்தவர் இரண்டு மணி நேரம் நிற்பார். வண்டி குறைவு என்பதால் சார்ஜரைப் பராமரிக்கவில்லை, சார்ஜர் ஓடாது என்பதால் வண்டி வாங்கவில்லை. இந்த வட்டத்தை உடைக்கத்தான் மக்கள் வரிப்பணம் மானியமாகப் போனது. வட்டத்தைச் சாக்காகக் காட்டுவதற்கு இல்லை.

மின்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. எண்பது பர்சென்ட்டுக்கு மேல் பேட்டரி மெல்லத்தான் ஏறும் என்று தெரிந்தும், பின்னால் வரிசை நிற்கும்போது நூறு வரை உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ஜர் இடத்தை நிழலுக்காக அடைத்து நிறுத்தும் பெட்ரோல் கார்க்காரர்களும் இருக்கிறார்கள். விற்பனைக் கூடங்களில், ஆய்வகத்தில் கிடைத்த தூரத்தைக் காட்டி வண்டியைத் தள்ளிவிட்டு, எர்த் பற்றியும் ஏற்றம் பற்றியும் வாய் திறக்காதவர்கள் எல்லாரையும்விடக் குற்றவாளிகள்.

தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகமும் மாவட்ட நிர்வாகமும் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை இரு பக்கமும் உள்ள ஒவ்வொரு பொது சார்ஜரும் எந்த நிறுவனத்துடையது, கடந்த மாதம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். அரசு மானியம் வாங்கிய தூண் ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் மானியத்திலிருந்து பிடித்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு தூணிலும் யூனிட் விலை, கியூஆர், உள்ளூர் மெக்கானிக்கின் எண் மூன்றும் எழுதியிருக்க வேண்டும்; இரவில் பெண்கள் தனியாக நின்று சார்ஜ் போடும் அளவுக்கு விளக்கும் மேற்கூரையும் வேண்டும். பதினைந்து நாள் கெடுவும் தனி இணைப்பு விதியும் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். மின்வாகன நகரங்களின் பட்டியலில் ஓசூரைச் சேர்க்க வேண்டும். 2023இல் விட்டதற்கு விளக்கமும் வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், புது நிதியும் பெரிதாக வேண்டாம். மூன்று மாதம் போதும்.

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஓசூரிலிருந்து அதற்கு வரும் அதிகாரிகள் ஒரே ஒரு திங்கட்கிழமை வாடகைக்கு ஒரு மின்கார் எடுத்து வரட்டும். கிளம்பும்போது பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தால் போதும். போகிற வழி இறக்கம்தான், சிரமம் இருக்காது. திரும்பும்போது சூளகிரியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.